திக்கிப் பேசிய கம்பியூட்டருக்கு ரேம் போட்டது

பதுளை, பண்டாரவளைப் பக்கம் கம்பியூட்டர் திருத்துகிறவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நான் வேலையை விட்ட பிறகும் என்னை அதிலிருந்து எடுக்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். போன மாதம் ஒருவர் அதில் ஒரு படம் போட்டார். மூடி கழற்றிய பழைய டெஸ்க்டொப். “இதுக்கு என்ன ரேம் போடலாம்?” என்று கேட்டிருந்தார்.

பதில்கள் வந்து விழுந்தன. “பழைய இரும்புக்குப் போடுங்க.” “மியூசியத்துக்குக் குடுங்க.” “மாலை போட்டு ஊதுவத்தி கொளுத்துங்க.”

நான் ஒரு வரி எழுதினேன். “அவங்க இதுல என்ன வேலை செய்றாங்க?”

படம் போட்டவர் உடனே கோல் எடுத்தார்.

“அண்ணே, நான் ரேமைப் பத்திக் கேட்டா நீங்க ஆளைப் பத்திக் கேக்குறீங்களே?”

“ஆளுக்குத்தானே ரேம்” என்றேன்.

“இப்படி எதாச்சும் இருந்தா எழுதிப் போடுங்கண்ணே. இப்ப வர்ற மெஷின்ல ரேமைப் போர்டோடயே ஒட்டி அனுப்பிடுறான். எதைப் போடலாம்னு யோசிக்கிற வேலையே இல்ல.”

அதனால் எழுதுகிறேன். அந்தக் கேள்வியும் என்னுடையது இல்லை. எனக்கு வேலை கற்றுத்தந்த நானாவுடையது.

எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் எலெக்ட்ரீஷியனுக்குக் கையாளாகச் சேர்ந்தேன். மோட்டர் கழற்றினேன், பேரிங் மாற்றினேன். பிறகு பதுளை பஜாருக்கு வந்து ரேடியோ, டீவி திருத்துகிற கடையில் சேர்ந்தேன். ரேடியோ குறைந்தது. டீவியும் குறைந்தது. கம்பியூட்டர் வந்தது. கடைக்காரர் கொழும்புக்குப் போய் அதைப் படித்துவிட்டு வந்தார். நான் அவர் கையைப் பார்த்துப் படித்தேன். அவ்வளவுதான் படிப்பு.

கடைக்காரரை முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நானா என்றுதான் கூப்பிட வேண்டும். பஜாரில் எல்லோருக்கும் அவர் நானாதான். அவரைவிட வயதில் மூத்த இறைச்சிக்கடைக்காரரும் நானா என்றுதான் கூப்பிடுவார்.

கடைக்கு மெஷின் வந்தால் நானா முதலில் மெஷினைப் பார்க்க மாட்டார். கொண்டுவந்த ஆளை உட்கார வைப்பார். எதிர்க் கடையில் பால் இல்லாத பிளேன்டீ சொல்வார். “இதுல நீங்க என்ன செய்றீங்க?” என்று கேட்பார். வேகம் போதாது என்பார்கள். “அது மெஷின்ட கத. நீங்க என்ன செய்றீங்க?” என்று மறுபடியும் கேட்பார். கல்யாண அட்டை போடுகிறேன், கட்டாரில் இருக்கிற மகனோடு பேசுகிறேன் என்று ஏதாவது வாயைத் திறந்து சொல்லும்வரை விட மாட்டார்.

பிறகு கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுவார். மூடியைத் திறக்கும்போது மெஷினின் வயிறு சொந்தக்காரர் பக்கம் பார்த்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் இல்லை. “அவங்கட சாமானை அவங்க பார்க்கட்டும்” என்பார். கழற்றிய ஸ்குரூ எல்லாம் டீ வந்த சாசருக்குள் போகும். பழைய ரேமை எடுத்தால் அதைப் பேப்பரில் சுற்றிச் சொந்தக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். கடையில் வைத்துக்கொள்ளக் கூடாது. அதை வைத்து என்ன செய்வதென்று பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு வாத்தியார் அதைப் புத்தகத்தில் பக்கம் அடையாளத்துக்கு வைத்திருந்தார்.

ரேம் பார்க்கிற முறையைச் சொல்கிறேன். ப்ளக்கைக் கழற்ற வேண்டும். கழற்றிய பிறகும் பவர் பட்டனை ஒரு தரம் அமுக்க வேண்டும். உள்ளே நிற்கிற கரண்ட் அதில் போய்விடும். தகரப் பெட்டியைத் தொட வேண்டும். நம் உடம்பில் நிற்கிற கரண்ட் அதில் போய்விடும். பிறகுதான் உள்ளே இருக்கிற ரேமைக் கழற்றி ஸ்டிக்கரைப் படிப்பது. எந்த இனம், எந்த வேகம் என்று அதிலேயே இருக்கும். அடிப்பக்கத்தில் ஒரு வெட்டு இருக்கும். டீடீஆர் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொன்றுக்கும் அந்த வெட்டு ஒவ்வோர் இடத்தில். ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்து அமுக்கினால் ரேம் ஏறாது. போர்டு உடையும்.

இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அடுத்ததைத்தான் பார்க்காமல் விடுவார்கள். போர்டின் மேல் ஒரு நம்பர் அச்சடித்திருக்கும். அதை வைத்து, அந்தப் போர்டு ரேம் செருகுகிற ஒரு ஸ்லொட்டுக்கு எவ்வளவு ஏற்கும் என்று தேடிப் பார்க்க வேண்டும். இனம் சரியாக இருக்கும். வேகம் சரியாக இருக்கும். ஆனாலும் ரேம் அளவில் பெரிதாக இருந்தால் பழைய போர்டு அதைக் கண்டுகொள்ளாது. பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றுவிடும். இரண்டு ரேம் போடுவதென்றால் ஒரே மாதிரி ஜோடி பார்த்துப் போடுவது நல்லது. தேயிலைக் கொழுந்துச் சாக்கைத் தூக்குகிற இரண்டு பேரில் ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை என்றால் நடை கெடும். அதுபோலத்தான்.

அப்புத்தளைப் பக்கத்து மெஷின்களுக்குப் பல தடவை புது ரேமே தேவைப்படாது. பனி ஈரத்தில் ரேமின் தங்க நிறப் பற்கள் கறுத்துப்போயிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்த்துத் திரும்பப் போட்டால் ஓடும்.

வெலிமடையிலிருந்து உருளைக்கிழங்கு வியாபாரி ஒருவர் வந்தார். “இருக்கிறதுலயே பெரிய ரேமாப் போடுங்க நானா. மெஷின் நடக்கவே மாட்டேங்குது” என்றார்.

“இதுல என்ன செய்றீங்க?”

“எந்த லொறியில எத்தனை மூட்டை போச்சுன்னு அடிப்பேன்.”

மூடியைத் திறந்தோம். உள்ளே மண். வெறும் தூசி இல்லை. கிழங்கு மூட்டைகளிலிருந்து பறந்து படிந்த மண். ஃபேன் அதற்குள் புதைந்து நின்றுபோயிருந்தது. நானா ஒரு பிடி அள்ளிப் பேப்பரில் வைத்தார்.

“ரேம் வேணாம். இதுக்குள்ள ரெண்டு கிழங்க நடுங்க.”

வியாபாரி சிரித்துச் சிரித்து டீயைச் சிந்தினார். மண்ணை ஊதிக் கொடுத்து அனுப்பினோம். ரேம் விற்கவில்லை.

கஷ்டமான கேஸ் என்றால் அது ஜெயராணியுடையதுதான்.

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சனிக்கிழமை காலையில் அப்பாவும் மகளும் வந்தார்கள். அப்பா பேர் மருதமுத்து. தேயிலை காய வைக்கிற ட்ரையர் மெஷினுக்கு நெருப்புப் போடுகிறவர். கம்பியூட்டரைக் கம்பளியால் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். காய்ச்சல்காரப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிற மாதிரி இருந்தது. மகள் ஜெயராணிக்கு முப்பது நெருங்கியிருக்கும். பிறவியிலேயே பார்வை இல்லை. அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கடைப் படி ஏறியதும் விட்டுவிட்டாள்.

“உக்காருங்க மகள்” என்றார் நானா. “இதுல என்ன செய்றீங்க?”

“பேசுவேங்க.”

“யாரோட?”

“இதோடதான். இது வாசிக்கும், நான் கேப்பேன். நான் டைப் அடிப்பேன், இது திருப்பிச் சொல்லும். இப்ப கொஞ்ச நாளாத் திக்குது. நாங்க இதுக்குத் திக்குவாயன்னு பேரு வச்சிருக்கோம்.”

திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கிற மென்பொருள் அது. பார்வை இல்லாதவர்களுக்கு உதவுகிற ஒரு சங்கம் மெஷினையும் கொடுத்து, அதையும் போட்டுக் கொடுத்திருந்தது. ஏதோ ஓர் அலுவலகத்தில், நாங்கள் கந்தோர் என்போம், கழித்துவிட்ட பழைய மெஷின். நான் ப்ளக் குத்தி ஓட விட்டேன். வெகுநேரம் கழித்து அது பேசியது. “ப... ப... பது...” என்று நின்றது. மூச்சே இல்லை. பிறகு நான்கைந்து சொல்லை ஒன்றாக அள்ளிக் கொட்டியது.

“கேட்டீங்களா?” என்றாள் ஜெயராணி. “இவன் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் சோறாக்கி எறக்கிருவேன்.”

மருதமுத்து அதுவரை நின்றுகொண்டே இருந்தார். “திங்கக்கெழம பரிட்சைங்க” என்றார்.

அரசாங்கக் கந்தோர் ஒன்றில் டெலிபோன் ஒப்பரேட்டர் வேலை. பார்வை இல்லாதவர்களும் எழுதலாம். ஆனால் ஒருவர் சொல்லச் சொல்லக் கடிதம் அடித்து, பிழை பார்த்துக் காட்ட வேண்டும். அடித்துப் பழகுவதற்கு இந்த மெஷினை விட்டால் அவளுக்கு வேறு வழியில்லை. அடுத்த தடவை வேலைக்கு ஆள் எடுக்கும்போது அவளுக்கு வயசு எல்லை தாண்டிவிடும்.

“இது தவறிச்சின்னா அப்பறம் அப்பாதான் எனக்கு ஆயுசு பூரா சோறு போடணும்” என்றாள். “அவருக்கு அது சந்தோசம். எனக்கு இல்ல.”

மருதமுத்து கம்பளியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

நானா கடிகாரத்தைக் கழற்றினார். மோதிரத்தைக் கழற்றினார். மெஷினின் வயிற்றை ஜெயராணி பக்கம் திருப்பி வைத்தார். அவளுக்குத் தெரியாதே என்று நான் நினைத்தேன். நானா அப்படி நினைக்கவில்லை. “மகள், உங்கட கைக்கு நேராத்தான் இருக்கி. இப்ப மூடியத் தொறக்கிறேன்” என்று சொல்லிவிட்டுத் திறந்தார்.

மருதமுத்து சட்டைப் பையிலிருந்து ஒரு ரேமை எடுத்து நீட்டினார். “நான் ஒண்ணு வாங்கியாந்துட்டேங்க. அந்தக் கடையில இருந்ததுலயே பெருசு.”

ரேம் புதிது. இனமும் சரி. ஆனால் இரண்டு ஜிபி. நான் போர்டு நம்பரைப் பார்த்தேன். ஒரு ஸ்லொட்டுக்கு ஒரு ஜிபிக்கு மேல் ஏற்காத போர்டு.

“இது இதுல ஓடாதுங்க” என்றேன்.

“பெருசுதானே நல்லது?”

“உங்க அடுப்புக்கு முழு மரத்த அப்பிடியே வெட்டியாந்து குடுத்தா போடுவீங்களா?”

“வாசல் கொள்ளாதே.”

“அதேதான்.”

அவருக்கு விளங்கிவிட்டது. ரேமைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். “திருப்பி எடுத்துக்குவானா?” என்று மட்டும் கேட்டார். எடுத்துக்கொள்வார்கள் என்றார் நானா.

போர்டில் இரண்டு ஸ்லொட். முதலாவதில் அரை ஜிபி ரேம் ஒன்று. இரண்டாவது காலி. எங்களிடம் ஒரே மெஷினிலிருந்து கழற்றிய ஜோடி ஒன்று இருந்தது, ஒவ்வொன்றும் ஒரு ஜிபி. பழையது, ஆனால் சோதித்துப் பார்த்தது. அரை ஜிபியை எடுத்துவிட்டு ஜோடியில் ஒன்றை அந்த இடத்தில் போட்டேன். மெஷின் ஒரு தரம் பீப் சொல்லி எழுந்தது. திக்கல் குறைந்தது. ஆனால் நீளமான கடிதத்தைத் திறந்ததும் மறுபடியும் இழுத்தது.

“இப்ப கொன்னவாயன்” என்றாள் ஜெயராணி.

இரண்டாவதையும் போட்டால் சரியாகிவிடும் என்றேன். போட்டேன். பீப், பீப் என்று நிற்காமல் கத்தியது. திரை கறுப்பு. ரேம் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன். அதே கத்தல். இரண்டாவது ஸ்லொட்டில் எதைப் போட்டாலும் கத்தியது. டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்லொட்டின் நடுவில் மஞ்சளும் மண் நிறமுமாக ஏதோ காய்ந்து இறுகிக் கிடந்தது.

“குளவி கூடு கட்டியிருக்கு” என்றேன். தோட்டத்து மெஷின்களில் அது வழக்கம். ஊசியால் கிண்டத் தொடங்கினேன். நானா என் கையைப் பிடித்தார்.

“ஸ்லொட்டுக்குள்ள இருக்கிற முள்ளு வளைஞ்சா போர்டே போயிரும்.”

கிண்டியதில் ஒரு துணுக்கு மட்டும் வெளியே வந்து பேப்பரில் விழுந்தது.

“குளவி மண்ணா? எங்க வீட்டுல குளவியே கெடையாதே. இங்க குடுங்க” என்றாள் ஜெயராணி. நான் அவள் உள்ளங்கையில் வைத்தேன். விரலால் நசுக்கி மூக்கருகே கொண்டுபோனாள்.

“இது மண்ணு இல்ல. சந்தனம்.”

மருதமுத்து சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா?”

அவர் கலண்டரையே பார்த்தார்.

“அப்பா. ஒங்களத்தான்.”

“ஆயுத பூசைக்கு வச்சேன்” என்றார்.

“கம்பியூட்டருக்கா?”

“எல்லா மெஷினுக்கும் வச்சோம். ரோலருக்கு, ட்ரையருக்கு. வீட்டுக்கு வந்தா இது சும்மா இருந்துச்சு. நீ கோயிலுக்குப் போயிருந்த.”

“வெளிய வச்சிருக்கலாமே? எதுக்கு உள்ள?”

“கவருக்குப் பொட்டு வச்சா? கவரா வேல செய்யுது?”

நானா வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் கேலியாகப் பார்க்கவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார். “அண்ணே, உள்ள இவ்வளவு எடம் இருக்கே. இதுக்கு மட்டும் ஏன் வச்சீங்க?”

“மத்த எடத்துல எல்லாம் என்னமோ ஒண்ணு குத்தியிருந்துச்சுங்க. இது ஒண்ணுதான் காலியா, ஒண்ணும் இல்லாம கெடந்துச்சு. பாக்கப் பாவமா இருந்துச்சு. அதான் நல்லா அமுக்கி வச்சேன்.”

ஜெயராணி சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியவில்லை அவளால். நானும் சிரித்தேன். மருதமுத்து மட்டும் சிரிக்கவில்லை.

“சரி, எடுத்துரலாம்” என்றேன். ஸ்பிரிட் போத்தலை எடுத்தேன்.

“எடுக்கக் கூடாது” என்றார் அவர்.

சத்தம் போடவில்லை. ஆனால் மெஷினுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார். “பொட்டு வச்ச பொறகுதான் இவளுக்குப் பரிட்சைக்கு வரச் சொல்லிக் கடுதாசி வந்துச்சு. அதுக்கு முன்னாடி எத்தன அப்ளிகேசன் போட்டும் ஒண்ணும் வரல. இப்ப பரிட்சைக்கு முன்னாடி பொட்ட அழிக்கச் சொல்றீங்களே. பொம்பளப் புள்ள சாமான்ல பொட்ட அழிக்கிறதா?”

ஜெயராணியின் சிரிப்பு நின்றது. “அப்பா, அது இருந்தா திக்குவாயன் பேச மாட்டான். திக்குவாயன் பேசாட்டி நான் பழக முடியாது.”

“பழகினது போதும்.”

“எனக்குப் போதாது.”

அப்பனும் மகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் நானாவைப் பார்த்தேன். நல்ல பேச்சுக்காரர், ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் ஒரு துணியை எடுத்து மெஷினை மூடினார்.

“பகல் தொழுகைக்கு நேரமாயிட்டு. நான் பள்ளிக்குப் போயிட்டு வாறேன். அவர் சொல்ற வரைக்கும் யாரும் இதுல கை வைக்க வேணாம்” என்றார். எனக்குத்தான் அது. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒருவருடைய சாமியோடு சம்பந்தப்பட்டதில் நானா வாய் வைக்க மாட்டார். அவர் எழுந்து போனதுகூட அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். ஆறின பிளேன்டீயைக் குடித்தோம். எனக்கு எப்படிப் பேசுவதென்று தெரியவில்லை. தெரிந்ததைக் கேட்டேன்.

“அண்ணே, நானும் ஃபெக்டரியிலதான் இருந்தேன். எங்க ஃபெக்டரியில பூசைக்கு முந்துன நாள் மெஷின் எல்லாம் கழுவுவோம். நீங்களுமா?”

“கழுவாம? சுத்தமாக் கழுவித்தான் வைப்போம்.”

“போன வருசத்துப் பொட்டு?”

“அது கழுவையில போயிரும்.”

“அதுக்கு யாராச்சும் அழிச்சிட்டான்னு சண்டைக்கு வருவாங்களா?”

அவர் யோசித்தார். “அது வேற தம்பி.”

“என்ன வேற?”

“அது அழிக்கிறது இல்ல. கழுவுறது. மெஷினுக்கு வேல செய்றவன் கழுவணும். அவனேதான் புதுசும் வைக்கணும். வெளி ஆளு சொரண்டி எறிஞ்சாத்தான் குத்தம்.”

“அப்ப நீங்க கழுவுங்க.”

அவர் கப்பைக் கீழே வைத்தார். மகளைப் பார்த்தார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து கடைக்குப் பின்னால் போனார். பைப்பில் கை கழுவுகிற சத்தம் கேட்டது. கால் கழுவுகிற சத்தமும் கேட்டது. திரும்பி வந்து சட்டைக் கையை மடித்துவிட்டார்.

“மஞ்சத் தண்ணி இருக்கா?”

“ஐயோ அண்ணே, தண்ணியே ஆகாது!” என்றேன். “இந்த ஸ்பிரிட்டுதான்.”

“நாத்தமா இருக்கே.”

“கழுவினதும் பறந்துரும்.”

நானா வந்தபோது மருதமுத்து மெஷினுக்கு முன்னால் குனிந்திருந்தார். நானா தொப்பியைக் கழற்றிவிட்டு டோர்ச்சை எடுத்துப் பிடித்தார்.

இப்படித்தான் செய்தோம். மெல்லிய தூரிகையை ஸ்பிரிட்டில் நனைத்து ஸ்லொட்டில் தொட்டுத் தொட்டு வைப்பது. தேய்ப்பது இல்லை. ஊறட்டும் என்று பொறுப்பது. இளகியதும் பழைய விசிட்டிங் கார்டை ஒல்லியாக வெட்டி, அதன் மேல் மெல்லிய துணி சுற்றி, ஸ்லொட்டுக்குள் மேலிருந்து நேராக இறக்கி, நேராக எடுப்பது. பக்கவாட்டில் இழுத்தால் முட்கள் மாட்டும். துணியில் மஞ்சள் வரும். துணியை மாற்ற வேண்டும். மறுபடியும் இறக்க வேண்டும். மருதமுத்துவின் விரல்கள் நெருப்பில் காய்ந்து தடித்தவை. ஆனால் நடுங்கவில்லை. ஒவ்வொரு துணியையும் கீழே போடாமல் ஒரு பேப்பரில் மடித்து வைத்தார்.

துணியில் நிறம் வருவது நின்றதும் போதும் என்றேன்.

“நான் பாக்குறேன்” என்றாள் ஜெயராணி.

நானா அவள் கையை எடுத்து முதலில் தகரப் பெட்டியில் வைத்தார். பிறகு கார்டைக் கொடுத்தார். அவள் ஸ்லொட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி எடுத்துப் பார்த்தாள். ஓரிடத்தில் நிறுத்தினாள்.

“இங்க இன்னும் புடிக்குது.”

டோர்ச்சில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் சொன்ன இடத்தில் அப்பா இன்னும் கொஞ்சம் ஊற வைத்தார். துணியில் சிவப்பாக வந்தது. குங்குமம்.

“குங்குமமும் வச்சீங்களா?”

“சந்தனம் மட்டும் எப்பிடி வைக்கிறது?”

ப்ளோவரால் குளிர் காற்று ஊதிக் காய விட்டோம். நானா அவசரப்பட விடவில்லை. ஸ்பிரிட் வாசனை முழுதும் போகட்டும் என்றார். பிறகு ரேமை ஸ்லொட்டில் வைத்து இரண்டு முனையிலும் ஒரே அளவாக அமுக்கினேன். இரண்டு பக்கத்துக் கொக்கியும் டக் என்று தானாக ஏறின. பட்டனை அமுக்க ஜெயராணியின் விரலைத்தான் விட்டோம்.

ஒரு பீப். ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு கத்தல் இல்லை.

திரை வந்தது. குரல் வந்தது. அவள் விசைகளைத் தட்டி ஒரு நீளமான கடிதத்தைத் திறந்தாள். பழகுவதற்காக அவளே அடித்து வைத்திருந்தது. தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கிறது, திருத்தித் தரவும் என்று யாருக்கோ எழுதிய கடிதம். மெஷின் அதை மேலிருந்து கீழ்வரை வாசித்தது. எங்கேயும் நிற்கவில்லை. “தங்கள் உண்மையுள்ள” என்றுகூடச் சொல்லிவிட்டது.

மருதமுத்து வாயைத் திறந்தபடி நின்றார். “பய நல்லாத்தான் படிக்கிறான்” என்றார்.

“இவ்வளவு நாளும் தொண்டையில நீங்க வச்ச சந்தனம்” என்றாள் மகள்.

“எனக்கென்ன தெரியும், அதுதான் தொண்டைன்னு.”

மூடியைப் போட ஸ்குரூ சாசரை எடுத்தேன். மருதமுத்து நகரவில்லை. எனக்கு ஞாபகம் வந்தது. கழுவினவர் புதுசும் வைக்க வேண்டும். நானாவுக்கு அதைச் சொன்னேன். அவர் யோசிக்கவில்லை. “அடுத்த கடையில சாமிப் படத்துக்கு முன்னால கிண்ணம் இருக்குமே, போய்க் கேளு” என்றார். அடுத்திருந்த நகைக்கடையில் சந்தனமும் குங்குமமும் வாங்கி வந்தேன்.

“எங்க வைக்கிறதுங்க?” மருதமுத்து நானாவைத்தான் கேட்டார்.

நானா மெஷினுக்குள் விரலைக் காட்டினார். பின் மூலையில் கரண்ட் வந்து இறங்குகிற பெட்டி. தகரத்தால் மூடியது. “இதுலேருந்துதான் எல்லாத்துக்கும் சூடு போகுது. இதுக்கு மேல வைங்க. ஃபேன்ல படாம, சின்னதா.”

“அப்ப இதுதான் அடுப்பு.”

“அடுப்புத்தான்.”

அவருக்கு அது பிடித்தது. அடுப்பு அவருக்குத் தெரிந்த விஷயம். சின்னதாகத்தான் வைத்தார். வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். நானா டோர்ச்சை அணைக்காமல் அவர் கண் திறக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். பழைய அரை ஜிபி ரேமைப் பேப்பரில் சுற்றி ஜெயராணியின் கையில் கொடுத்தார். மெஷினை மறுபடியும் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் பஸ்ஸுக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை வந்து போனது. எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. நானா ஒரு தடவை கேட்டார், “அந்த மகள்ட பரீட்சை என்னாச்சு?” தெரியாது என்றேன். அப்புறம் கேட்கவில்லை. ஆனால் பசறைப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் எந்தத் தோட்டம் என்று விசாரிப்பார்.

அடுத்த வருஷம் என்று நினைக்கிறேன். கடை டெலிபோன் அடித்தது. நானா எடுத்தார். ஒரு பெண் குரல் மூன்று மொழியிலும் வணக்கம் சொல்லி, ஒரு கந்தோரின் பேரைச் சொல்லி, அங்கே ஒரு கம்பியூட்டர் ஓடவில்லை, ஆள் அனுப்ப முடியுமா என்று கேட்டது. அனுப்பலாம் என்றார் நானா.

“பிளேன்டீ குடிச்சிட்டே அனுப்புங்க நானா. அவசரம் இல்ல” என்றது குரல்.

நானா ரிசீவரை வைத்தார். “நம்மட மகள்தான். நீ போ” என்றார்.

போனேன். ஜெயராணி வாசலுக்குப் பக்கத்து அறையில் டெலிபோன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இப்போது மாதிரி காதில் மாட்டுகிற ஹெட்செட் அப்போது இல்லை. ரிசீவர்தான். அவளுடைய கம்பியூட்டருக்கு வருகிற வயர் தளர்ந்திருந்தது. பெரிய வேலை இல்லை. மேசைக்கடியில் குந்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா எப்படி?” என்றேன்.

“இருக்காரு. என்னத்தப் பேசுறாரு. நான் காலையில வெளிக்கிட்டா பஸ் ஏறுற வரைக்கும் கூட வருவாரு. ‘பாத்துப் போ’ன்னு கூடச் சொல்ல மாட்டாரு.”

டெலிபோன் அடித்தது. அவள் எடுத்தாள். குரல் மாறியது. ஆயுபோவன், வணக்கம், குட் மோர்னிங் என்று வரிசையாகச் சொன்னாள். கந்தோரின் முழுப் பேரையும் சொன்னாள். “உங்களுக்கு யாரோட பேசணும்?” என்றாள்.

அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை. ஆனால் ரிசீவருக்குள் ஒரே இரைச்சல். மேசைக்கடியில் எனக்கே கேட்டது. அந்த இரைச்சல் எனக்குத் தெரியும். தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்த எவனுக்கும் தெரியும். ட்ரையர் ஓடுகிற சத்தம். அதற்கு நடுவில் யாரோ தூரத்தில், “மருதமுத்தண்ணே, நெருப்பு எறங்குது!” என்று கத்தினார்கள்.

ஜெயராணி வைக்கவில்லை. அவசரமும் படவில்லை. எல்லோரையும் கேட்கிற அதே மரியாதையோடு, “உங்களுக்கு யாரோட பேசணும்?” என்று இன்னொரு தரம் கேட்டாள். பதில் இல்லை. அந்தப் பக்கம் வைக்கும்வரை ரிசீவரைக் காதில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“யாரு?” என்றேன் மேசைக்கடியிலிருந்து.

“ராங் நம்பர், அண்ணே” என்றாள். “தெனமும் இந்த நேரத்துக்கு வரும்.”